மெருகும் மெய்ம்மையும்

ஒரு பொருளின் இயற்கை நிறத்தை மாற்றி வேறு நிறம் ஏற்றுவது பொய்யாகுமா? கேட்ட அளவில் இக்கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். துணிக்குச் சாயம் தோய்க்கிறோம். சுவருக்கு வண்ணம் பூசுகிறோம். அதனால் யாரும் பொய்யர் ஆவதில்லை. ஆயினும், வாய்மையையும் கொல்லாமையையும் குடும்ப வழக்காகக் கொண்டு வாழும் சாவகர் இல்லங்களில் இளைஞர் ஒருவர் மரத்தில் ஒரு பொருளைத் தம் கையாலேயே செய்து முடிக்க முனையும்போது, இக்கேள்வி விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. ஒரு சிறு இசைக்கருவியை முன்வைத்து இதனைச் சிந்திப்போம்.

கிதார் என்னும் தந்திக் கருவியை இன்று உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் அடைத்தும் விற்கிறார்கள். வாங்கியவர் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும். உடற்பலகை அறுத்துக் குடையப்பெற்று வந்திருக்கும். கழுத்தில் மெட்டுக் கம்பிகள் பதிக்கப்பெற்றிருக்கும். பிருடைகள், குதிரை, தந்திகள், ஒலியை மின்னாக மாற்றும் காந்தச் சுருள்கள் ஆகியவை தனித்தனிப் பொட்டலங்களில் இருக்கும். திருகாணி முடுக்கத் தெரிந்தவர் ஒரு மாலைப் பொழுதில் இவற்றை இணைத்துவிடக் கூடும். பொழுதை உண்பது மற்றொரு வேலை. பலகை பூச்சு எதுவுமின்றி வெறும் மரமாகவே வந்திருக்கும். அதனை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, சாயம் ஏற்றி, அதன்மேல் மெருகு பூச வேண்டும். முதன்முறை செய்பவருக்கு இது பல நாள் வேலை.

உப்புத்தாளுக்கு எண் உண்டு. எண் சிறிதாயின் துகள் பெரிது. எண் ஏறஏறத் துகள் நுண்ணியதாகும். முதலில் 120 எண் தாள், பின்னர் 180, அதன்பின் 240 என்று போவது வழக்கம். சிலர் 320 வரை செல்வர். அதற்கும் மேலே சென்றால் மரத்தின் முகம் வழுக்கிப்போய்ச் சாயத்தை உண்ண மறுக்கும். இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எந்தத் தாளும் மரத்தைக் கீறவே செய்கிறது. 180 எண் தாளின் பணி, 120 எண் தாள் இட்ட கீறல்களை அகற்றித் தன் சிறு கீறல்களை இட்டுச் செல்வதேயாகும். 240 எண் தாள் அவற்றையும் அகற்றித் தன்னுடையவற்றை இடுகிறது. கீறலே அற்ற மரம் என்று ஒன்று இல்லை. கண்ணுக்குப் புலனாகாதபடி சிறுத்துவிட்ட கீறல்களே உண்டு. பொறுமையிழந்து இடையில் ஒரு படியைத் தாண்டியவர், பின்னர் நுண்ணிய தாளால் எத்தனை நேரம் தேய்த்தாலும் முதல் தாளின் தடம் எளிதில் போகாது. தேய்ப்பதும் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கே தேய்த்த தடம் வெறும் மரத்தில் தெரியாது. விரலால் தடவினாலும் தெரியாது. சாயம் பட்டவுடன் கருங்கோடாக எழுந்து நிற்கும். பலகையை ஒட்டும்போது சிந்திய பசை ஒரு துளி எங்கேனும் உலர்ந்திருந்தால், அவ்விடம் சாயத்தை ஏற்காமல் வெளிறிய தேமலாகக் காணப்படும். பலகையின் ஓரங்களில் இழைகளின் முனைகள் திறந்திருப்பதால், அவை சாயத்தை மிகுதியாகக் குடித்துக் கருத்துப்போகும்.

ஆதலால் அனுபவம் உடையவர்கள் சாயப் புட்டியைத் திறக்குமுன் விளக்கொன்றைப் பலகைக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய அதன் தளத்தோடு தளமாக வைத்துப் பார்ப்பார்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் குற்றம் தெரியாது. சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வொரு கீறலும் தன் நிழலைக் காட்டும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பதும் உண்டு. நீர் பட்டவுடன் படுத்திருந்த இழைகள் மயிர்க்கூச்செறிவது போல எழுந்துவிடும். உலரவிட்டு அவற்றை மெல்லத் தேய்த்துவிட்டால், பின்னர்ச் சாயத்தின் ஈரம் பட்டாலும் அவ்வளவாக எழுவதில்லை.

சமயச் சொற்பொழிவாளர் ஒருவர் இவ்விடத்தில் இருந்திருந்தால், தேய்த்தலை வினை உதிர்ப்புக்கு உவமையாக்காமல் விட்டிருக்கமாட்டார். அவ்வுவமை பாதி வழியே நம்மோடு வரும் என்பது என் கருத்து. தேய்க்கும்போது உதிர்வது மரமேயன்றி மரத்தின்மேல் படிந்த பிறிதொன்றன்று. உயிரினின்று உதிரும் வினையோ உயிரின் கூறன்று. மரம் தேயத்தேயக் குறைகிறது. உயிர் அவ்வாறு குறைவதில்லை. மேற்பரப்பில் ஒட்டிய மெல்லிய மேப்பிள் ஏடு உடைய பலகைகளைத் தேய்த்தவர்க்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். ஏடு மயிரிழை அளவே தடித்தது, ஆர்வம் மிகுந்து தேய்த்தால் அடியிலுள்ள மலிவு மரம் வெளிப்பட்டுவிடும், மீட்க வழியில்லை.

உதிர்ப்பைவிட நெருங்கிய உவமை சாயத்தில் இருக்கிறது. அதனை நம் ஆசாரியர்களே எடுத்து ஆண்டிருக்கிறார்கள். சினம், செருக்கு, மாயம், பற்று ஆகிய நான்கையும் நாம் கஷாயம் என்கிறோம். கஷாயம் என்பது துவர்ச்சாறு. ஆல் முதலிய மரங்களின் துவர்ச்சாறு ஒட்டுதலுக்குக் காரணமாவது போல, இந்நான்கும் வினைத்துகள் உயிரோடு ஒட்டுவதற்குக் காரணமாகின்றன என்று தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரை கண்ட பூஜ்யபாதர் விளக்குகிறார். சாயத்தொழில் அறிந்தவர்க்கு இது வெறும் அணியன்று. துவர்ப்பொருள் ஊட்டிய துணியிலேயே பல சாயங்கள் நிலைக்கும். மரத்திலும் அவ்வாறே. துவர்ப்பு மிகுந்த மரத்தின்மேல், இரும்பு ஊறிய புளிக்காடியைத் தடவினால் கண்ணெதிரே கருத்துவிடும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பை இட்டு நம் முன்னோர் மை செய்ததும் இவ்வியல்பைக் கொண்டேயாகும்.

கோம்மடசாரம் பற்றை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டுவதும் சாயங்களையும் கறைகளையும் கொண்டுதான். கொடிய பற்று பூச்சியினின்று எடுக்கும் செஞ்சாயம் போன்றது; அடுத்தது வண்டிச் சக்கரத்தின் மசி; அதற்கடுத்தது உடலழுக்கு; எல்லாவற்றினும் மெல்லியது மஞ்சள் நிறம். 10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி எழுதிய இவ்வரிசையை, இன்று மரத்துண்டு ஒன்றில் மஞ்சள் கரைத்துப் பூசி வெயிலில் வைக்கும் எவரும் சோதித்து அறியலாம். மஞ்சள் சில நாளில் வெளிறிப்போகும். பூச்சிச் சாயமோ எளிதில் அகலாது. அப்பூச்சியைப் பற்றிப் பின்னர்க் கூற வேண்டியிருக்கிறது.

இனி, முதற்கேள்விக்கு வருவோம். மரத்திற்குச் சாயம் ஏற்றுவது மறைப்பா? வண்ண எண்ணெய் பூசினால் மரம் மறையும். அது எம்மரம் என்று பிறகு சொல்ல இயலாது. சாயம் அத்தகையதன்று. அது இழைக்குள் இறங்கி, இழையின் ஓட்டத்தை முன்னினும் தெளிவாகக் காட்டுகிறது. நன்றாகத் தேய்த்ததையும் காட்டுகிறது. தேய்க்காது விட்டதையும் காட்டுகிறது. இந்த அளவில் சாயத்தைப் பொய்யென்று சொல்ல இடமில்லை. தன் கருவிக்குச் செந்நிறம் பிடிக்கிறது என்று ஒருவன் செந்நிறம் ஏற்றினால் அதில் யாருக்கும் வஞ்சனை இல்லை.

பொய் புகும் இடம் வேறு. நிறத்தோடு பெயரையும் மாற்றும்போது அது புகுகிறது. வெளிறிய மலிவு மரத்திற்குக் கருஞ்சாயம் ஏற்றிக் கருங்காலி என்று விற்பது உலகெங்கும் பழைய வழக்கம். விரல்பலகைக்கு உரிய ஈட்டி மரத்திற்கும் இதே கதி. பிரேசில் நாட்டு ஈட்டி இனம் அருகிப்போனதால் 1992இல் அதன் பன்னாட்டு வாணிகம் தடை செய்யப்பட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தியாகிய ஈட்டியோ அதற்கு முன்பிருந்தே அமெரிக்கக் கிதார்களில் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. நல்ல ஈட்டி விலையேறியதால், வேறு மரத்திற்கு ஈட்டியின் நிறம் ஏற்றிய விரல்பலகைகள் மலிவுக் கருவிகளில் வருகின்றன.

இக்குற்றத்தை நம் நூல்கள் எங்கே வைத்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பொய்யாமை விரதத்தின் கீழ் இருக்குமென்று எதிர்பார்ப்போம். தத்துவார்த்த சூத்திரம் இதனைப் 'பிரதிரூபக வியவகாரம்' என்று பெயரிட்டுக் கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக வைக்கிறது. இரத்தினகரண்டக சிராவகாசாரமும் ஒத்த தோற்றமுள்ள பொருளைக் கலந்து விற்பதைக் கள்ளாமையின் கீழேயே கூறுகிறது. போலியைக் காட்டி விற்பவன் சொல்லால் தவறுகிறான் என்பதைவிட, வாங்குபவனின் பொருளைக் கவர்கிறான் என்பதே அவர்கள் கண்ட உண்மை. ஒரு சொல்லும் பேசாமலே இத்திருட்டைச் செய்யலாம் அன்றோ? கருத்த பலகையைக் கையில் கொடுத்துவிட்டு வாய் மூடி இருந்தால் போதும்.

மேனாட்டு இசைக்கருவி வாணிகத்தில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737இல் மறைந்த ஸ்திராதிவாரி செய்த வயலின்கள் உலகப் புகழ் பெற்றவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மிட்டன்வால்ட், மார்க்நொய்கிர்ஹன் முதலிய ஊர்களின் பட்டறைகள், அவர் பெயர் அச்சிட்ட சீட்டை உள்ளே ஒட்டி ஆயிரக்கணக்கான மலிவு வயலின்களை விற்றன. தேய்ந்தது போல மெருகைச் சுரண்டி, மூலைகளைக் கருக்கி, பழமையையும் செயற்கையாய் ஏற்றினார்கள். இன்றும் பழைய வயலின் ஒன்று வைத்திருக்கும் குடும்பத்தார், உள்ளேயிருக்கும் சீட்டைக் கண்டு பெருஞ்செல்வம் கிட்டியதாக எண்ணி ஏமாறுவதுண்டு.

இதன் இக்கால வடிவம் இன்னும் வேடிக்கையானது. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1995 முதல், புதிய கிதார்களைப் பல்லாண்டு வாசித்துத் தேய்ந்தவை போலத் தோன்றச் செய்து விற்கிறது. வாங்குபவர் புதியது என்று அறிந்தே, அப்பழமைக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். இதில் களவும் இல்லை, பொய்யும் இல்லை. ஆயினும், வாசிக்காத வாசிப்பின் தழும்பை விலைக்கு வாங்கி அணிவதில் என்ன இன்பமோ, எனக்குப் புரியவில்லை.

மெருகின் அடியில் இருப்பதைக் காணும் கண் எத்தகையது என்பதற்கு நம் காப்பியத்திலேயே சான்று இருக்கிறது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகனிடம் யாழ்கள் கொண்டுவரப்படுகின்றன. அழகாக முடிக்கப்பட்ட அவற்றை அவன் ஒவ்வொன்றாக விலக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரத்தால் ஆனது. ஒன்று வாள்வெட்டுப் பட்ட மரத்தால் ஆனது. ஒன்று இடி விழுந்த மரத்தால் ஆனது. அவன் கேட்பது மரம் எப்படித் தோன்றுகிறது என்பதன்று, அதற்கு என்ன நேர்ந்தது என்பது. துறவியாகிய திருத்தக்கதேவர் யாழாசிரியனுக்குரிய இந்நுட்பத்தை இவ்வளவு விரிவாகப் பாடியது புலமையைக் காட்டுவதற்கு மட்டுமாக இருக்கமுடியாது என்று நான் கருதுகிறேன்.

அக்கேள்வியை இன்றைய கிதாருக்கும் கேட்டால் விடை நம்மைச் சங்கடப்படுத்தும். அமெரிக்காவில் பயிலும் என் தம்பி மகன் இத்தகைய பெட்டி ஒன்றை வாங்கித் தன் விடுதி அறையில் வைத்துச் சில வாரங்களாகத் தேய்த்துவந்தான். சாயம் ஏற்றும் நிலைக்கு வந்தபோது தொலைபேசியில் கேட்டான்: "பெரியப்பா, சாயத்தின்மேல் முதல் பூச்சாக ஷெல்லாக் பூசச் சொல்கிறார்கள். அது நம் அரக்குதானே? பூசலாமா?"

அரக்கேதான். புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் கிளைகளில் மொய்க்கும் சிறு பூச்சிகள் தம் உடம்பினின்று கசியவிடும் பிசின் அது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் மிகுதியாக எடுக்கப்படுகிறது. இதனை ஆராய்வதற்கென்றே 1924இல் ராஞ்சியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. கிளையோடு வெட்டி, சுரண்டி, பொடித்து, கழுவி, உருக்கும்போது கூட்டில் இருக்கும் எண்ணிறந்த பூச்சிகள் மடிகின்றன. கழுவிய நீரில் இறங்கும் செந்நிறமே அரக்குச் சாயம். மிஞ்சிய பிசினைச் சாராயத்தில் கரைத்து மரத்தில் பூசினால் கண்ணாடி போன்ற மெருகு கிடைக்கும். சாவகர் மேற்கொள்ளலாகாத 15 தொழில்களை எண்ணும் நூல்கள் தந்த வாணிகத்தோடு அரக்கு வாணிகத்தையும் சேர்த்து விலக்கியிருப்பது தற்செயலன்று. தந்தத்தில் யானையின் இறப்பு தெரியும். அரக்கின் மெருகில் எதுவும் தெரியாது.

அரக்கோடு முடிந்துவிடவும் இல்லை. தச்சர்கள் வழிவழியாகப் பயன்படுத்திய வச்சிரம் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. முன்னாளில் உப்புத்தாளில் துகளை ஒட்டியதும் அதுவே. கழுத்தின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு, உயர்ந்த கருவிகளில் மாட்டெலும்பு. விரல்பலகையில் பதிக்கும் வெண்புள்ளிகள் சிப்பியின் ஓடு. கிதாரின் மென்தந்திகள் முன்பு ஆட்டின் குடலைத் திரித்தவை. 1940களில் நைலான் தந்தி வந்து குடல் தந்தியை அகற்றியது. கருணையால் அன்று, போர்க்காலத்தில் குடல் நூல் அறுவை மருத்துவத்திற்குத் தேவைப்பட்டுத் தட்டுப்பாடு ஏற்பட்டதனால். நம் நாட்டுக் கருவிகளைப் பற்றியும் நாம் பெருமை பேசுவதற்கில்லை. வீணையின் மெட்டுகள் தேன்மெழுகில் பதிந்திருக்கின்றன; மிருதங்கத்தின் முகம் தோல்.

பையன் அடுத்துக் கேட்டது கடினமான கேள்வி. "மரமும் உயிர்தானே, பெரியப்பா? அதை வெட்டியிருக்கிறார்கள். அரக்கை மட்டும் விடுவதில் என்ன பொருள்? உடன் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள்."

சிரிப்பவர்கள் கேட்பது தவறான கேள்வி அன்று. எல்லாவற்றையும் விட முடியாதவன் எதையேனும் விடுவது வெறும் மனநிறைவுக்கா? நம் ஆன்றோர் இதற்கு ஒரே தாவலில் விடை சொல்லவில்லை. நிலையுயிர், இயங்குயிர் என்று பிரித்தார்கள். இல்லறத்தான் நிலையுயிர்க்கு ஊறு செய்யாமல் வாழவியலாது என்பதை ஏற்று, அதனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இயங்குயிரைக் கருதிக் கொல்வதை விடச் சொன்னார்கள். உணவு சமைக்கையில் தவிர்க்கவியலாது நேரும் ஊறும், பளபளப்புக்காக நேரும் ஊறும் ஒன்றல்ல. கிதாரின் ஒலிக்கு மரம் வேண்டும். அதன் மினுமினுப்புக்குப் பூச்சி வேண்டியதில்லை. வேறு வழி இருக்கும் இடத்தில் விடுவதே விரதம். இதனைச் சிரிப்பவர்க்கு விளக்க முற்படத் தேவையில்லை என்றும் சொன்னேன்.

மாற்று வழி முற்றிலும் தூயது என்றும் நான் சொல்லவில்லை. அரக்கு எடுப்பதை நம்பி வாழும் மலைவாழ் ஏழைக் குடும்பங்கள் உண்டு. கல்லெண்ணெயிலிருந்து வரும் பாலியூரித்தேன் பூச்சில் பூச்சி இல்லை. அதன் ஆலைக்கழிவில் எத்தனை உயிர் மடியும் என்பதை நாம் பார்ப்பதில்லை. மேனாட்டார் 'லாக்கர்' என்று அழைப்பதன் பெயர் அரக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கிதாருக்குப் பூசும் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரிலோ அரக்கே இல்லை. அது செடிநாரை அமிலத்தில் பதப்படுத்தியது; எளிதில் தீப்பற்றும். இவற்றுள் ஆளிவிதை எண்ணெய், டுங்கு எண்ணெய் முதலிய விதையெண்ணெய்களே நமக்கு ஏற்றவை என்பது என் முடிவு. மெல்லிய பூச்சாகத் தடவித் துடைத்து, நன்கு உலரவிட்டு மீண்டும் தடவ வேண்டும். கண்ணாடி மினுக்கம் வராது. கை பட்ட மரத்தின் தண்ணொளி வரும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானாகவே சூடேறித் தீப்பிடித்துவிடும். விரித்து உலர்த்த வேண்டும், அல்லது நீரில் ஊறவைக்க வேண்டும். அவ்வாறே தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நன்று. மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் வகைப்படுத்தியிருக்கிறது. பொழுதுபோக்குக்காகத் தேய்ப்பவர் சில நாள் மூச்சில் இழுப்பதை, பட்டறைத் தொழிலாளர் வாழ்நாள் முழுதும் இழுக்கிறார்.

தம்பி மகன் தன் கருவியை முடித்துவிட்டதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தான். நீரில் கரையும் பழுப்புச் சாயம் ஏற்றி, ஆளிவிதை எண்ணெய் தடவினானாம். ஓரிடத்தில் குறுக்குக் கீறல் ஒன்று கருங்கோடாகத் தெரிகிறதாம், அதனை அழிக்கவில்லையாம். கழுத்தைப் பொருத்துமுன் அது உட்காரும் குழியில் பென்சிலால் நான்கு வரி எழுதினேன் என்று, அவ்வெழுத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 'உடல் பாஸ்வுட் மரம். விரல்பலகை சாயம் ஏற்றியது, ஈட்டி அன்று. அரக்கு, எலும்பு, சிப்பி, வச்சிரம் இல்லை. மற்றவை தெரியாது.' கழுத்தை வைத்து நான்கு திருகாணிகளை முடுக்கிய பின் அவ்வெழுத்து வெளியே தெரியாது.